அடியில் டேப் ஒட்டிய கிண்ணம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் சில்லிட்டால் அந்தக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, பனியில் ஒன்பது மைல் வண்டி ஓட்டி வந்த ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே உள்ளங்கை வேர்க்கும். கடைசிவரை கூடவே இருங்கள், அது போதும்.

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்கள் நடுவே, ஆர்டிஸும் அவள் புருஷன் ஓர்டெலும் இருந்தார்கள். ஆர்டிஸுக்கு அறுபது வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டரைக்குத்தான் வீடு. ஓர்டெலுக்கு அறுபத்தேழு. எழுபத்தெட்டாம் வருஷம் அக்டோபரில், பீட்ரூட் அறுவடை பாதியில் நிற்கும்போது, லாரியின் படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. இதயம் சோம்பினால் அது தட்டி எழுப்பும். தினமும் காலையில் நாடியை ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், எழுபத்திரண்டுக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஆர்டிஸின் காதில் அந்த எண் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசிக்கும்போதும் எழுபத்திரண்டு. சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் எழுபத்திரண்டு.

ஓர்டெலுக்குக் கண்ணில் புரை வேறு. எழுத்து தெரியாது, முகம் தெரியும். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. ஆனால் நாற்பது வருஷம் வயலில் நடந்த கால் வீட்டுக்குள் நிற்குமா? மத்தியானம் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து சூப்பை ஏற்றிவிட்டு, டிராக்டர் கொட்டகைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிடுவார். அங்கே ஒரு நட்டு, ஒரு போல்ட்டு என்று அடுப்பு மறந்துபோகும். இரண்டு பாத்திரம் கருகிப் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு ஃபார்கோ நகரத்தில் இருக்கும் மகள் ஜெனீன் ஒரு மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேரத்தைத் திருப்பி வைத்தால் போதும், தானே சூடாக்கும், தானே அணையும், அப்பா மறந்தாலும் அது மறக்காது என்றாள். ஆர்டிஸ் நன்றி சொன்னாள், கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். மகள் போனதும் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே முன்தாழ்வாரத்தில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

காரணம் இருந்தது. நெடுஞ்சாலையோரத்து காப்பிக்கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கும். இங்கே மைக்ரோவேவ் ஓடுகிறது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எச்சரிக்கை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். ஓர்டெல் நன்றாக இருந்த காலத்தில் அவள் அதை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறாள். ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் அந்தக் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஓர்டெலின் கையைப் பிடித்துத் திருப்பி, எனக்கு காப்பி வேண்டாம் என்று வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மனுஷனைக் கொல்லும் சாமானைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கச் சொன்னால் யார்தான் வைப்பார்கள்?

ஜனவரியில் மூன்றாவது பாத்திரம் கருகவில்லை, ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. ஓர்டெல் கொட்டகையிலிருந்து வந்தபோது சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கரி. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, ஆர்டிஸ் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து சுவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தாழ்வாரத்துக்குப் போய் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் மைக்ரோவேவ் பெட்டி. எந்தப் பயம் சின்னது என்று பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது அவளுக்கு.

டாக்டரிடம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். "இப்ப வைக்கிற பேஸ்மேக்கருக்கெல்லாம் உள்ளயே கவசம் இருக்கும்மா, ஒண்ணும் ஆகாது. மனசு கேக்கலேன்னா நாலடி தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார். அவள் காதில் முதல் பாதி ஏறவில்லை. இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, நாலடியைப் பத்தடியாக்கி, சமையலறைத் தரையில் டேப்பால் ஒரு கோடு ஒட்டினாள். பெட்டியைத் திருகிவிட்டு இந்தக் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். ஏதாவது கோளாறு தெரிந்தால் இன்னும் தள்ளிப் போய்விட வேண்டும். ஓர்டெல் கோட்டின் மேல் செருப்பை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"எனக்கு வேலியா போடறே?"

"காளைக்கு வேலி போடாம என்ன போடுவாங்க" என்றாள் ஆர்டிஸ்.

பாத்திரம் அடுத்த கவலை. மாவட்ட அலுவலகத்திலிருந்து வீட்டுப் பராமரிப்பு சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் ஒருத்தி சர்ச் கீழ்த்தளத்தில் எல்லாப் பெண்களுக்கும் செய்து காட்டியிருந்தாள். உலோகம் உள்ளே போகவே கூடாது. தங்கக் கரை, வெள்ளிக் கரை போட்டது இருந்தால் சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம், ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதை ஒரு கோப்பைத் தண்ணீரோடு உள்ளே வைத்து ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். தண்ணீர் சுட்டு, பாத்திரம் சில்லென்று இருந்தால் நல்லது. பாத்திரம் சுட்டால் அது ஆகாது.

ஆர்டிஸ் ஒரு சனிக்கிழமை முழுக்க இதைத்தான் செய்தாள். ஓர்டெலைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள். கண்ணாடிக் கிண்ணம் தேறியது. பச்சைப் பிளாஸ்டிக் தட்டு கையைச் சுட்டது. பீங்கான் கோப்பை ஒன்று தேறியது. அதே கடையில் வாங்கிய அதே நிறக் கோப்பை இன்னொன்று கைப்பிடியைத் தொட முடியாமல் சுட்டது. மார்ஜரின் வெண்ணெய் வந்த பிளாஸ்டிக் டப்பாக்களை, நாங்கள் எல்லாரும் மிச்சம் மீதியை அதில்தானே போட்டு வைப்போம், அவற்றை அவள் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக்கரைத் தட்டுகளைத் துணியில் சுற்றி மேல் அலமாரிக்கு ஏற்றினாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது தேறியது நாலே பாத்திரம்.

எழுதி வைத்தால் ஓர்டெலுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிய வேண்டும். மேசை இழுப்பறையில் இருந்த டேப்பையே எடுத்து நாலு பாத்திரத்துக்கும் அடியில் ஒரு துண்டு ஒட்டினாள்.

"டேப் இருந்தா உள்ள போகலாம். டேப் இல்லேன்னா கூடாது. வேற ஒண்ணும் நீ யோசிக்க வேணாம்."

ஓர்டெல் கண்ணாடிக் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கி, அடியைப் பார்த்து, கட்டைவிரலால் தடவினார். கோழிக்கு அடியில் முட்டை தேடுவது போல இருந்தது. "இருக்கு" என்றார்.

கண்ணுகளா, நீங்கள் எங்கள் சர்ச் விருந்துக்கு வந்திருந்தால் இந்த இடத்திலேயே என்னை நிறுத்தியிருப்பீர்கள். அங்கே முப்பது வீட்டிலிருந்து முப்பது பாத்திரம் வரும். யாருடையது யாரிடம் போகிறது என்று தெரியாமல் போய்விடும் என்று, ஒவ்வொருத்தியும் தன் பாத்திரத்துக்கு அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பேரெழுதி வைப்பாள். எங்கள் ஊரில் டேப் இல்லாமல் எந்தப் பாத்திரமும் வீட்டுப்படி தாண்டாது. ஆர்டிஸும் முப்பது வருஷமாக ஒட்டியவள்தான். கைக்கு அவ்வளவு பழகிப்போன சங்கதி. அதனால்தானோ என்னவோ, கண்ணுக்குப் படவில்லை.

தினமும் பன்னிரண்டு பத்துக்கு, சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டு வரிசை முடிந்ததும், ஆர்டிஸ் பள்ளிச் சமையலறையிலிருந்து வீட்டுக்கு போன் போடுவாள். ஓர்டெல் சுவரில் மாட்டிய போனை எடுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். பாத்திரம் எடுத்தாயா, எடுத்தேன். டேப் பார்த்தாயா, பார்த்தேன். உள்ளே வைத்துத் திருகிவிட்டு கோட்டுக்குப் பின்னால் போவார். சுருள் கம்பி இழுபட்டு இழுபட்டு சரியாக அந்தக் கோடுவரை வரும். பெட்டி உறுமும். அந்த மூன்று நிமிஷமும் ஆர்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அவர் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அது அவள் போட்ட சட்டம். பேச்சு நின்றால் அவளுக்கு உயிர் நின்றுவிடும். டிங் என்று மணி அடித்ததும் மறுபடி மூச்சு விடுவாள்.

அந்தப் பேச்சை மூன்றாவதாக ஒருத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சாலையில் அப்போது நாலு வீட்டுக்கும் ஒரே போன் கம்பி. ஒரு வீட்டில் பேசினால் இன்னொரு வீட்டில் எடுத்துக் கேட்கலாம். கால் மைல் தள்ளி இருந்த வோனி, புருஷனைப் பறிகொடுத்து ஆறு வருஷமாகத் தனியாக இருந்தவள், எல்லாவற்றையும் கேட்பாள். யாராவது கேட்டால் சத்தியம் பண்ணி மறுப்பாள். அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம்தான் அவளைக் காட்டிக்கொடுக்கும். அது பதினைந்து நிமிஷம் தாமதம். ஆர்டிஸும் ஓர்டெலும் பேசிக்கொண்டிருக்கும்போது, பன்னிரண்டேகால் ஆனதும், போனுக்குள் எங்கிருந்தோ டாண் டாண் என்று பன்னிரண்டு மணி அடிக்கும். ஓர்டெல் உடனே, வோனிக்கு மத்தியானம் ஆகிவிட்டது என்பார்.

பிப்ரவரி கடைசி. புதன்கிழமை தவக்கால விருந்து நடந்தது. அன்று குளிர் அதிகம் என்று ஓர்டெலை ஆர்டிஸ் அழைத்துப் போகவில்லை. மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு, வோனி மிச்சமிருந்த ஹாட்டிஷ் கொண்டுவந்தாள். கறியும் நூடுல்ஸும் சேர்த்து மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுடுவோமே, அதுதான். அவளுடைய கண்ணாடிப் பாத்திரம் வேறு யார் வீட்டிலோ மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் தன் அம்மாவின் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து வந்திருந்தாள். வெள்ளை வெளேரென்று இருக்கும், விளிம்பைச் சுற்றிப் பொன்னிறக் கரை. அடியில் வோனி என்று எழுதிய டேப்.

பன்னிரண்டு பத்து. ஆர்டிஸ் போன் போட்டாள்.

"பட்டாணி சூப்பா இன்னிக்கு?"

"அது ராத்திரிக்கு இருக்கட்டும். இன்னிக்கு எனக்கு வேற யோகம்" என்றார் ஓர்டெல். "யார் செஞ்சதுன்னு சொன்னா, கேக்கறவங்களுக்குத் தலை கனமாயிடும்."

"டேப் இருக்கா?"

"பார்த்தேன். தடவியும் பார்த்தேன். இருக்கு."

பெரிய பிள்ளைகளுக்கு மணி அடித்துவிட்டது. வரிசை கதவுவரை வந்துவிட்டது. எந்தக் கிண்ணம் என்று ஆர்டிஸ் கேட்கவில்லை. சரி, வை என்றாள். பிற்பாடு அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும் என்று.

கதவு மூடும் சத்தம் கேட்டது. திருகு சுற்றும் சத்தம். செருப்பு தேய்த்துத் தேய்த்துக் கோட்டுக்கு வருவது. உறுமல். ஓர்டெல் ஹாட்டிஷைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

படபடவென்று வெடித்தது. மத்தாப்பைக் கட்டோடு கொளுத்திய மாதிரி ஒரு சீறல். ஓர்டெல் பாதி வார்த்தையில் நின்றார். நாற்காலி விழுந்தது. போன் சுவரில் மோதியது, ஒரு தடவை, இன்னொரு தடவை, கம்பியில் ஆடி ஆடி மெல்ல மெல்ல அடங்கியது. சீறல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு டிங்.

பிறகு ஒன்றுமில்லை.

ஆர்டிஸ் கூப்பிட்டாள். அவர் பேரைச் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள், பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுவது போல. பதில் இல்லை. இன்னொரு தடவை. அவள் கையில் குழம்புக் கரண்டி இருந்தது, அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றால், அங்கே அந்த போன் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சாலையில் நாலு வீட்டுக்கும் மணி அடிக்காது. ஷெரீஃப் போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர நாற்பது நிமிஷம். வைத்தாலும் ஓர்டெல் போய்விடுவார், வைக்காவிட்டாலும் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது போனுக்குள், தூரத்தில், டாண் என்று கேட்டது. டாண். டாண்.

ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வோனி. நீ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

"உன்னை நான் திட்டல. இனிமே எப்பவும் திட்டமாட்டேன். ஓர்டெல் கிட்ட ஓடு."

"நான் இப்பத்தான் எடுத்தேன்" என்றாள் வோனி. "ஆர்டிஸ், அது என் கிண்ணம். எங்கம்மா கிண்ணம். தங்கக்கரை போட்டது."

பிறகு அவள் போனைப் போட்ட சத்தம்.

ஆர்டிஸ் ஏப்ரனைக் கழற்றவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு வண்டிக்குப் போனாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று தரையோடு தரையாகப் பனியை இழுத்துக்கொண்டு போனது, சாலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல். முன்கண்ணாடியில் ஒரு கையகலத்துக்குத்தான் பார்வை. வேகமாகப் போனால் அவளும் பள்ளத்தில்தான் கிடப்பாள். மெதுவாகப் போனால்?

நான்தான் பெட்டியைப் பிரித்தேன். நான்தான் டேப்பை ஒட்டினேன். நான்தான் வை என்றேன். முதல் மூன்று மைல் இதுதான் ஓடியது. ஜெபம் பண்ணலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜெபம்தான். வேறு எதுவும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஜெபத்துக்குக் கீழே, ஸ்டியரிங்கில் அவள் கட்டைவிரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. மறுபடி ஒன்று. அவள் தட்டுவதை நிறுத்தினால் அங்கே அதுவும் நின்றுவிடும் என்பது போல.

வாசலில் வண்டியை நிறுத்தினபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பனி ஒரு முழம் வந்திருந்தது.

சமையலறையில் யாரும் இல்லை. போன் தொங்கியது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பெட்டியின் கண்ணாடிக் கதவுக்குள் அந்தக் கிண்ணம். பொன்னிறக் கரை பாதிக்கு மேல் கறுத்து, நடுநடுவே தெறித்துப் போயிருந்தது. கருகிய வாடை. அவள் தரையைப் பார்த்தாள். கோட்டுக்குப் பின்னால் அவர் இல்லை. படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. ஆணியில் அவர் கோட்டு தொங்கியது. அதற்குக் கீழே பூட்ஸ் இரண்டும் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன.

கோட்டு இல்லாமல், பூட்ஸ் இல்லாமல்.

அவள் வெளியே ஓடி வந்து பனியைப் பார்த்தாள். வயல் பக்கத்திலிருந்து ஒரு தடம் வந்தது. ஆழமான, அவசரமான தடம், வோனியுடையது. வாசலிலிருந்து இன்னொரு தடம் போனது. அது நடந்த தடமில்லை, இழுத்த தடம். வீட்டுச் செருப்பு. ஒரு இடத்தில் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. அதற்கப்புறம் ஒரு காலுக்குச் செருப்பு, ஒரு காலுக்குக் காலுறை. காற்று அதை அப்போதே மூட ஆரம்பித்திருந்தது. அவள் அந்தச் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள்.

டிராக்டர் கொட்டகையின் கடைசியில், பேட்டரி செத்துப்போய் நிறுத்தி வைத்திருந்த பழைய பிக்அப் வண்டி. அதன் கண்ணாடி உள்ளிருந்து மூச்சால் வெளுத்திருந்தது. கதவைத் திறந்தாள்.

ஓர்டெல் உட்கார்ந்திருந்தார். வோனியின் கோட்டு அவர்மேல், வோனியின் சால்வை அவர் காலில். வோனி வெறும் ஸ்வெட்டரோடு அவரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு விரலைக் கழுத்தில் அழுத்தி வைத்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. முகம் மெழுகு.

"பேசாதே" என்றாள் வோனி. "எண்ணிக்கிட்டிருக்காரு. நாப்பது தாண்டினா நடுக்கத்துல விட்டுப்போகுது, மறுபடி முதல்லேர்ந்து வராரு. வீட்டுக்கு வாங்கன்னா மாட்டேங்கறாரு. அசைஞ்சா நின்னுடும்ங்கறாரு."

"என் நெஞ்சுப் பேட்டரி போயிடுச்சு ஆர்டிஸ்" என்றார் ஓர்டெல். பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. "பெட்டிக்குள்ள மின்னல் அடிச்சது. இங்க ஒரு குதி குதிச்சது. அப்புறம் எனக்கு எண்ண வரல."

"இங்க எதுக்கு வந்தே?"

அவர் அவளைப் பார்த்தார். குழந்தை பார்ப்பது போல நேராகப் பார்த்தார்.

"ஏதாவது ஆனா தள்ளிப் போன்னு நீதானே சொன்னே. எவ்வளவு தூரம்னு சொல்லலியே."

ஆர்டிஸ் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். படியில் ஏறி, அவர் கையை இழுத்து, மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரலும் மரத்திருந்தது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒரு கணம், கண்ணுகளா, அவளுக்கு ஒன்பது மைலைவிட நீளம். விரலை வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி மறுபடி வைத்தாள். இருந்தது. தன் கைக்கடிகாரத்தை வோனியிடம் கழற்றிக் கொடுத்தாள். விநாடி முள் பன்னிரண்டுக்கு வரும்போது சொல் என்றாள். வோனி சொன்னாள். ஆர்டிஸ் சத்தமாக எண்ணினாள். கொட்டகைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது, அவள் அதைவிடச் சத்தமாக எண்ணினாள். அறுபது தாண்டியது. விடாமல் எண்ணினாள்.

"நிமிஷம்" என்றாள் வோனி.

"எழுபத்திரண்டு."

"இன்னொரு தடவை" என்றார் ஓர்டெல்.

இன்னொரு தடவை எண்ணினாள். எழுபத்திரண்டு.

"ஊஃப்டா" என்றார் அவர். எங்கள் ஊர் நார்வே வம்சத்துக்காரர்கள் மூட்டையை இறக்கி வைக்கும்போது சொல்கிற சொல். அதற்குப் பிறகுதான் ஆர்டிஸ் அவர் விரல்களைப் பார்த்தாள். இடது கையில் இரண்டு விரல், மெழுகுவத்தி போல வெள்ளை. கிள்ளினாள். அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு பேருமாக அவரைத் தூக்காத குறையாக வண்டியில் ஏற்றி ஊர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, ஒரு நீளக் காகிதம் ஓடவிட்டுப் பார்த்தார். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொன்னார். ஆர்டிஸ் மூலையில் நின்றாள், இன்னும் ஏப்ரனோடு.

"பேஸ்மேக்கர் நல்லா இருக்கு. பெட்டியால இவருக்கு ஒண்ணும் ஆகல. பயந்து குதிச்சதும் இவரோட சொந்த இதயம்தான்" என்றார் டாக்டர். "தீப்பொறி அந்தக் கிண்ணத்துக் கரையில வந்தது. கரை போட்ட பாத்திரம் வச்சா வரத்தான் செய்யும். கிண்ணம் கெடும், பெட்டி கெடும், சில சமயம் தீகூடப் பிடிக்கும். ஆனா பொறி வந்தா கதவைத் திறக்காம நிறுத்திட்டு, பிளக்கைப் பிடுங்கினாப் போதும். இன்னும் அரை மணி அந்தக் கொட்டகையில இருந்திருந்தா, அப்ப இவரை என்னால திருப்பிக் கொடுத்திருக்க முடியாது."

அவள் தலையாட்டினாள். பெட்டியைப் பார்த்துப் பயந்து அவள் போட்ட கோடு, அவரைக் குளிருக்குள் தள்ளிவிட்டது. அந்தப் பயம்தான் கிட்டத்தட்டக் கொன்றது, பெட்டி இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓர்டெல் கட்டுப்போட்ட கையை அவள் மடிமேல் வைத்தபடியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் முட்டிபோட்டு அந்தக் கோட்டைப் பிய்த்தாள். வார்னிஷும் சேர்ந்து வந்தது. கடைசிவரை அந்தத் தரையில் ஒரு வெளிறிய வரி இருந்தது. நாலு பாத்திரத்தின் அடியிலிருந்தும் டேப்பைக் கிழித்தாள். அந்த நாலையும் கீழ் அலமாரியில் தனியாக வைத்தாள். மற்ற எல்லாவற்றையும், ஸ்பூன்வரை, ஓர்டெலின் கை எட்டாத மேல்தட்டுக்கு ஏற்றினாள். கீழே இருப்பது உள்ளே போகும், வேறு சட்டம் இல்லை. யாராவது சாப்பாடு கொண்டுவந்தால் அதை அந்த நாலில் ஒன்றுக்கு மாற்றித்தான் வைக்க வேண்டும்.

வேலை நாட்களில் பன்னிரண்டு மணிக்கு வோனி நேராகவே வந்துவிட்டாள். ஒட்டுக்கேட்கிற தூரம் இனி எதற்கு என்று ஆர்டிஸ்தான் வரச் சொன்னாள். வோனியும் ஓர்டெலும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஆர்டிஸ் போன் போட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஓர்டெலின் விரலில் தோல் உரிந்து, ஏப்ரலில் புதுத்தோல் வந்தது, குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக.

கிண்ணத்தை வோனி தூக்கிப் போடவில்லை. தேய்த்துப் பார்த்தாள், கறுப்பு போகவில்லை. வருஷா வருஷம் தவக்கால விருந்துக்கு அதில்தான் ஊறுகாய் கொண்டுவந்தாள். ஒரு தடவை பாத்திரம் கழுவும்போது அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் புது டேப். வோனி என்று இல்லை. ஓர்டெல் என்று எழுதியிருந்தது.

ஆர்டிஸுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை, கண்ணுகளா. சனி, ஞாயிறுகளில் அவள் வீட்டில் இருக்கும்போது, பெட்டி உறும ஆரம்பித்தால் எந்த வேலையானாலும் போட்டுவிட்டு வருவாள். ஓர்டெல் பக்கத்தில் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். டிங் என்று கேட்கும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள். அவர் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். அந்தப் பதினோரு வருஷமும் பத்தடி தள்ளி நிற்கவில்லை அவள்.

உங்கள் வீட்டு அடுப்பு எதுவானாலும் அதில் சோறு மட்டும் சூடாகட்டும், மனுஷர் மனசு சுடாமல் இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் உங்கள் வாயில் வரட்டும். உங்களுக்கு வேண்டியவர்களின் நாடி உங்கள் விரலுக்கு எட்டுகிற தூரத்திலேயே துடிக்கட்டும். நீங்கள் கூப்பிடும்போது எடுக்க, கால் மைலில் ஒரு வோனி எப்போதும் இருக்கட்டும்.